சொடுக்காத சொடுக்கு வண்டுக்குப் பேர்: 'நத்தையோட்டு வண்டு' வெச்சுக்கலாமா?

ஐயா வணக்கம்,

தமிழ்ப் பூச்சிப் பேர்ப் பட்டியல்ல எலாட்டெரிடேங்கற வண்டுக் குடும்பத்துக்கு 'சொடுக்கு வண்டு'ன்னு நீங்க போட்டது கச்சிதம். மல்லாக்க விழுந்தா நெஞ்சுக்கு அடியில நீட்டிட்டிருக்குற முள்ளு பின்னாடி உள்ள குழியில டக்குனு இறங்கும், வண்டு எகிறிடும், விரல் சொடுக்குற மாதிரியே சத்தம்.

ஆனா அதுக்குள்ள டிரிலினின்னு ஒரு பிரிவு இருக்கு, துணைக்குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் நடுவுல வர்றது, அதுக்குத் தனிப் பேர் கண்டிப்பா வேணும். உடம்பு மெத்துன்னு இருக்கும், சொடுக்கவே சொடுக்காது. அதனாலதான் ரொம்ப காலமா டிரிலிடேன்னு தனிக் குடும்பமா வெச்சிருந்தாங்க, 2011ல குண்ட்ராட்டா, போட்சாக்னு ரெண்டு செக் ஆய்வாளர்கள் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பாத்து சொடுக்கு வண்டுக்குள்ள கொண்டுவந்தாங்க. ஆணுக்கு சிறகு உண்டு, சீப்புப் பல்லா விரிஞ்ச உணர்கொம்பு உண்டு. பொண்ணு வளர்ந்த பிறகும் புழு உருவம்தான், சிறகே கிடையாது, ஆணைவிட பல மடங்கு பெருசு. 1824ல இதை வேற பூச்சின்னு நெனச்சு காக்ளியோக்டோனஸ்னு இன்னொரு பேரே வெச்சுட்டாங்க.

பொண்ணு பறக்காததால பல இனங்கள் சின்ன வட்டாரத்தைத் தாண்டுறதில்ல. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவுல, மிச்சம் ஐரோப்பா, மத்தியதரைக் கடலைச் சுத்தி, ஆசியாவுல கொஞ்சம். இங்கிலாந்துல டிரைலஸ் ஃபிளாவெசென்ஸ்ங்கற இனம் இருக்குறது தெற்குப் பக்கம் சுண்ணாம்பு மண் புல்வெளியில, இதோட புழுவுக்கு இரை நத்தைதான், அந்த நத்தைக்கு ஓடு கட்ட சுண்ணாம்புச் சத்து அங்கதான் தாராளமா கிடைக்குது.

நம்ம குழுவுல இதுக்குப் பேரா வந்த 'நத்தைக்கொல்லி' எனக்கு ஒப்பலைங்க, பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வரிசையில விவசாயி அதை மருந்துன்னுதான் எடுத்துப்பார். 'நத்தையுண்ணி'யும் சிக்கல், உண்ணின்னா மாட்டு உண்ணி ஞாபகம் வரும், அதோட மின்மினிப் புழுவும் நத்தை தின்னும், அப்ப இதுக்குன்னு என்ன தனி அடையாளம்? இந்தப் புழு நத்தையக் கடிச்சுக் கொன்னு உள்ளயே புகுந்து தின்னு, அந்த ஓட்டுக்குள்ளயே தோல் உரிச்சு, அங்கயே தங்கிடுது, அதைப் பேர்ல காட்டணும்னு நெனக்கிறேன்.

'நத்தைக்கூட்டு வண்டு'ன்னும் ஒருத்தர் சொன்னார், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதோட புழுவை 'நத்தைக்கூட்டுப்புழு'ன்னு எழுத வேண்டி வரும், பள்ளிக்கூடப் பாடத்துல கூட்டுப்புழுன்னா அடுத்த பருவம், பசங்க குழம்பிடுவாங்க. 'ஓடு'ன்னு வெச்சா நத்தையோட்டு வண்டு, நத்தையோட்டுப் புழு, ரெண்டும் சிக்கலில்லாம நிக்குது. பட்டியல்ல சொடுக்கு வண்டுக் குடும்பத்துக்குக் கீழயே போட்டு, பக்கத்துல 'சொடுக்காதவை'ன்னு ஒரு குறிப்பு சேத்துடுங்க ஐயா.