பிரிந்தவர்கள் மறுபடி சேரும் நாவல்: பாதிக்கு மேல் ஏன் ஒட்டவில்லை?

காவிரிக்கரை:
கும்பகோணத்தில் நடக்கிற ஒரு செகண்ட் சான்ஸ் நாவல் வாசித்துக்கொண்டிருக்கிறேன். 2004 மகாமகத்தோடு பிரிந்தவர்கள் 2016 மகாமகத்தில் குளக்கரையில் எதிரெதிரே நிற்கிறார்கள். மொத்தம் 40 அத்தியாயம். அவள் ஊர் மன்னார்குடி. அவன் எழுதிய கடிதத்தை அவள் அப்பா மறைத்துவிட்டார் என்று 18-ல் தெரிகிறது. அதுவரை கீழே வைக்க முடியாத கதை, அதற்குப் பிறகு ஒட்டவே மாட்டேன் என்கிறது. நடையில் குறை இல்லை. எதைக் கவனித்து வாசிக்கணும்?

வெண்ணாற்றங்கரை:
அந்தக் கடிதம்தான் சிக்கல். அப்பா மறைத்தார் என்றானதும் ஹீரோ மேலும் தப்பில்லை, ஹீரோயின் மேலும் தப்பில்லை. மன்னிக்க எதுவுமே இல்லாதபோது மீதி 22 அத்தியாயத்துக்கு என்ன வேலை? கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி ஒன்றரை மணி நேர பஸ் பயணம். பதில் வரவில்லை என்று 12 வருஷம் அவன் போய்ப் பார்க்கவே இல்லையா என்ற கேள்வி உங்களுக்குள் எழுந்திருக்கும். நாவல் அதற்குப் பதில் சொல்லாததால்தான் மனசு விலகுகிறது.

பென்சிலால் மூன்று இடத்தைக் குறியுங்கள்: பிரிந்த காரணம், முதல் சந்திப்பு, முடிவுக்கு முன்னால் மறுபடி விலகும் இடம். முதல் காரணம் மூன்றாவது இடத்தில் வேறு உருவத்தில் திரும்பி வரணும். உதாரணமாக, வேறொரு கதை: அக்கா கல்யாணத்துக்கு நிலத்தை அடமானம் வைத்த வீடு. இளையவள் தன் காதலைப் பற்றி வாய் திறக்க முடியாது. "காத்திரு" என்று சொல்லத் துணியாமல் அவன் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டான். இங்கே தப்பு அவனுடையது. திரும்பி வந்தவன் இன்னொரு நெருக்கடியில் இந்தத் தடவை நிற்கிறானா என்பதில்தான் கதை இருக்கிறது.

குறுவை வாசகி:
இடைப்பட்ட வருஷங்களையும் பாருங்க. இந்த வகை நாவலில் பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். ஹீரோயின் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தாள்?

காவிரிக்கரை:
அப்பா படுத்த பிறகு தனியாக நிலம் பார்க்கிறாள். 22-ல் அதே வருஷம் ஆனி மாசம் வாய்க்கால் புரண்டு ஓடுகிறது, குறுவை நடவு நடக்கிறது, அவன் வரப்பில் நின்று பார்க்கிறான்.

குறுவை வாசகி:
மாட்டிக்கிச்சு. அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் மேட்டூர் அணையிலிருந்து வரணும். குறுவைக்கு அணை திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எந்த வருஷமும் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2016-ல் பாசனத்துக்குத் திறந்தது செப்டம்பர் 20. அந்த ஆனியில் குறுவை போட்டிருந்தால் பம்புசெட் தண்ணீரில்தான். இதைச் சின்னப் பிழை என்று தள்ள முடியாது. தண்ணீர் வருமா, குறுவையை விட்டுவிட்டு சம்பா மட்டும் பார்க்கலாமா என்ற கணக்குத்தான் அவளுடைய 12 வருஷம். அது அவள் பேச்சில் இல்லை என்றால், அந்த வருஷங்களை அவள் வாழவே இல்லை. அவன் வரும்வரை அலமாரியில் மடித்து வைத்திருந்திருக்கிறார்கள். அப்புறம் எப்படி ஒட்டும்?

வெண்ணாற்றங்கரை:
குறுவை வாசகி அக்கா சொன்னதோடு இன்னொன்று. நினைவு ஜெயிக்கிற காட்சியையும் நிகழ்காலம் ஜெயிக்கிற காட்சியையும் பிரித்துப் பாருங்கள். அவன் பழைய ஞாபகத்தில் சர்க்கரை தூக்கலாக ஒரு டிகிரி காபி வாங்கி வந்து நீட்டுகிறான் என்று வையுங்கள். "இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா" என்று அவள் கண் கலங்கினால் அது பழைய காதல்தான். அவள் டபராவை அப்படியே ஓரமாக நகர்த்தி வைத்து, சர்க்கரையை விட்டு ஆறு வருஷமாச்சு என்கிறாள். அவன் எதுவும் பேசாமல் எழுந்து போய் வேறொன்று வாங்கி வருகிறான் என்றால் அங்கே இரண்டாவது காதல் தொடங்குகிறது. முதல் வகை மூன்று நான்கு வரலாம். இரண்டாவது வகை ஒன்றுகூட இல்லாத நாவல், கடைசியில் தாலி கட்டினாலும் சேர்த்துவைத்ததாக ஆகாது.

உங்கள் புத்தகத்தில் 19-லிருந்து 30 வரை அந்த மாதிரி ஒரு காட்சியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதிலிருந்து வாசிப்பைத் தொடரலாம், கடிதத்தை மறந்துவிட்டே வாசிக்கலாம். இல்லையென்றால் நேராகக் கடைசி அத்தியாயங்களுக்குப் போய்விடுங்கள்.