காசிமேட்டில் எடுத்த படம்: அழித்திருக்க வேண்டுமா?

கேள்வி (வடசென்னைக்காரன்)
ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்குக் காசிமேடு போயிருந்தேன். ஒரு அக்கா, ஐம்பது வயது இருக்கும், பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்காமலே படம் எடுத்துவிட்டேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், "யாரைக் கேட்டுப்பா எடுத்த? அழி" என்றார். பொது இடம்தானே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். இரண்டு நாளாக மனசு சரியில்லை. படத்தை இன்னும் எங்கும் போடவில்லை. சட்டப்படி நான் செய்தது தப்பா?

பதில் (கோர்ட்வாசல்)
பொது இடத்தில் ஒருவரைப் படமெடுப்பதையே குற்றமாக்கும் பொதுவான சட்டம் இந்தியாவில் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி ஒரு பெண் அந்தரங்கமாக இருக்கும்போது படம் எடுப்பதைப் பற்றியது. முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பது பற்றியது. உங்கள் படம் இரண்டிலும் வராது.

ஆனால் "பொது இடம்தானே" என்று நீங்கள் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன 2017 புட்டசாமி தீர்ப்பிலேயே, பொது இடத்தில் இருப்பதால் மட்டும் ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை என்று இருக்கிறது.

பதில் (பூக்கடை மகள்)
என் அம்மா பாரிமுனையில் பூ விற்றவர். யாரோ எடுத்த படம் ஒன்று 'வறுமையிலும் புன்னகை' என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் சுற்றி எங்கள் தெருவுக்கே வந்தது. பூ கட்டியே என்னையும் தம்பியையும் காலேஜ் படிக்க வைத்தவர் அம்மா. அந்த 'வறுமை' என்ற சொல்லுக்காக அவர் நான்கு நாள் கடைக்குப் போகவில்லை. படத்தில் அம்மா அழகாகத்தான் இருந்தார். தலைப்பு வைத்தவர் ஒரு வார்த்தை அவரிடம் பேசியிருக்கலாம். தம்பி, அந்த அக்கா வேண்டாம் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறார். அப்புறம் எதற்குச் சட்டம்?

வடசென்னைக்காரன்
அடுத்த ஞாயிறு போனேன். அதே இடத்தில்தான் இருந்தார். மன்னிப்புக் கேட்டு, கேமராவைக் காட்டி, அவர் கண் முன்னால் அழித்தேன். போனில் தானாகச் சேமித்திருந்த பிரதியையும் தேடி எடுத்து அழித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.