புகையப் புடிச்சு பூமிக்குள்ள அமுக்குறாங்களாமே, அப்ப ஏன் எல்லா எடத்துலயும் செய்யல?

புதுவயல் மில்காரன்:
வணக்கம் மக்களே. நமக்கு ரைஸ் மில்லு, பாய்லர்ல உமிதான் எரிக்கிறோம். இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன் லீவுக்கு வந்தவன் சிம்னிய அண்ணாந்து பாத்துட்டு, மாமா இதுல போற கார்பன் டை ஆக்சைட புடிச்சு பூமிக்கடியில தள்ளிடலாம், வெளிநாட்டுலல்லாம் செய்றாங்கன்னு ஒரே லெக்சர். அவ்ளோ லேசுன்னா தூத்துக்குடி அனல்மின் நிலையத்துல ஏன்டா வைக்கலன்னா முழிக்கிறான். காசுதான் பிரச்சனையா, வேற ஏதும் இருக்கா?

பாய்லர் அண்ணன்:
அவன் சொல்றது நெசந்தான் தம்பி. நார்வேல ஸ்லெய்ப்னர்னு ஒரு எடம், 1996லேர்ந்து கடலுக்கடியில எறக்குறாங்க, நல்லா ஓடுன காலத்துல வருசம் சுமார் 10 லட்சம் டன். ஆனா அது எரிவாயுக் கெணறு, விக்கிறதுக்கு முன்னாடி அதுல கலந்திருக்கிற கார்பன் டை ஆக்சைட எப்படியும் பிரிச்சே ஆகணும், பிரிச்சத வெளிய விட்டா கார்பன் வரி, அதனால கீழ தள்றதே லாபம். நம்ம சிம்னி கதை வேற. கரிப் புகையில இந்த கேஸ் நூத்துக்கு 12, 14 பங்குதான், மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். அமீன்னு இந்த கேஸ உறிஞ்சுற ஒரு ரசாயனக் கரைசல்ல உறிஞ்ச விட்டு, அப்புறம் 120 டிகிரி கிட்ட சூடாக்குனாத்தான் பிரிஞ்சு வரும், அந்த ஸ்டீம் எங்கேர்ந்து வரும், அதே பாய்லர்லேர்ந்துதான? கரண்ட்ல அஞ்சுல ஒரு பங்கு இதுக்கே காலி. கனடால பவுண்டரி டேம்ங்கிற கரி மின் நிலையத்துல 2014ல ஆரம்பிச்சு வருசம் 10 லட்சம் டன்னு சொன்னாங்க, சாம்பல் அடைக்குது அமீன் கெடுதுன்னு ஆரம்ப வருசங்கள்ல அத எட்டவே முடியல. அமெரிக்கா டெக்சாஸ்ல கரி மின் நிலையத்துல வச்ச பெட்ரா நோவா இன்னும் மோசம், புடிச்ச கேஸ பழைய எண்ணெய் வயல்ல தள்ளி எண்ணெய் எடுத்துத்தான் பொழப்பு, 2020ல எண்ணெய் விலை விழுந்ததும் நிறுத்திட்டாங்க, 2023லதான் திரும்ப ஓடுச்சு.

தூத்துக்குடில அனல்மின் நிலையத்துல இல்லாட்டியும் ஒரு சோடா ஆஷ் கம்பெனி 2016 வாக்குலயே பாய்லர் புகையிலேர்ந்து புடிக்க ஆரம்பிச்சிடுச்சு, வருசம் 60,000 டன் கணக்கு. அவங்களுக்கு அது மூலப்பொருள். விலை கெடைச்சா புடிப்பாங்க, பொதைக்கிறதுக்கு யாரு காசு குடுப்பா?

தேவகோட்டை ரஸ்தா:
காச விடுங்கண்ணே, எடத்துக்கு எங்க போவீங்க? 800 மீட்டருக்குக் கீழ, அதாவது 2,600 அடிக்கும் மேல எறங்கணும், அந்த அழுத்தத்துலதான் கேஸ் இறுகி சின்ன எடத்துல அடங்கும், மேல கசியாத பாறை மூடி வேணும். காவிரிப் படுகை, ராமநாதபுரம் பக்கம் எரிவாயு எடுக்குற எடத்துல அந்த மாதிரி பாறை உண்டு. ஆனா 2017ல நெடுவாசல்ல என்ன நடந்துச்சுன்னு காரைக்குடிக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? போராட்டம் பண்ணி எரிவாயுவ வெளிய எடுக்கவே விடல, உள்ள தள்றேன்னா நம்ம குடிதண்ணி சம்பை ஊத்து என்னாவும்னுதான் மொதக் கேள்வி வரும். குடிதண்ணி மட்டத்துக்கு எவ்வளவோ கீழதான், ஆனாலும் சரியா மூடாத பழைய கெணறு ஒண்ணு இருந்தாப் போதும், அது வழியா ஏறிடும். ஜனங்க பயப்படுறதும் சும்மா இல்ல, 2020 பிப்ரவரில அமெரிக்கா மிசிசிப்பில சட்டார்ஷியா ஊர்கிட்ட மழையில மண்ணு நகந்து இந்த கேஸ் குழாய் வெடிச்சுச்சு, காத்த விட கனம்ல, பள்ளத்துல தேங்கி கார் இன்ஜினே நின்னுபோச்சு, 45 பேர் ஆஸ்பத்திரில.

பள்ளத்தூர் பொண்ணு:
கரண்டுக்கு சோலார், காத்தாடி இருக்கு, இத வேஸ்ட் பண்ண வேணாம். சிமென்ட்டுக்குத்தான் வேற வழியில்ல, சுண்ணாம்புக்கல்ல சுடும்போது கல்லுலேர்ந்தே கேஸ் வருது, அரிசி மில் மாதிரி எரிபொருள மாத்தித் தப்பிக்க முடியாது. நார்வே பிரெவிக்ல 2025ல ஒரு சிமென்ட் ஆலை தொடங்கிருக்கு, வருசம் 4 லட்சம் டன், கப்பல்ல ஏத்திட்டுப் போறாங்க, செலவுல பெரும்பங்கு அரசாங்கம்.

புதுவயல் மில்காரன்:
சரிம்மா, பொதைச்ச கம்பெனி நாளைக்கு திவாலானா யாரு பாப்பா?

பாய்லர் அண்ணன்:
ஐரோப்பால 2009 சட்டப்படி மூடுனப்புறம் பொதுவா 20 வருசமாவது கம்பெனி பொறுப்பு, அப்புறம் அரசாங்கம் ஏத்துக்கும். நம்ம பக்கம் கல்குவாரிப் பள்ளத்துக்கு ஒரு வேலி போட ஆளில்ல, நீங்க வேற.