மெஜஸ்டிக்குப் பக்கத்தில் ஒரு தேவாங்கு

மாடிவீட்டுக்காரர்:
பெங்களூரு மல்லேஸ்வரத்தில் பதினெட்டாவது கிராஸ் பக்கம் எட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். மெஜஸ்டிக் பஸ் நிலையம் நாலைந்து கிலோமீட்டர்தான். அங்கே ஹாரன் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே காதில் விழாது. இங்கே விடிகாலையில் தெருவில் கொட்டிக்கிடக்கும் புங்கம்பூவைக் கூட்டுகிற விளக்குமாற்றுச் சத்தம் மாடிவரை கேட்கும். 1898-ல் பிளேக் வந்தபோது நெரிசலான பழைய நகரப் பகுதியான பேட்டையை விட்டு வந்த ஜனங்கள் குடியேறிய பகுதி இது. அதனால்தான் அகலமான தெருக்கள், வீடுகளுக்குப் பின்னால் நீளமாக ஓடும் சந்துகள்.

எனக்கு நடந்தது அப்படி ஒரு சந்தில்தான். கரண்ட் போன ஒரு ராத்திரி மொட்டைமாடியில் நின்றிருந்தேன். பின்சந்து மாமரத்தில் இரண்டு சிவப்புப் பொட்டுகள். டார்ச் வெளிச்சம் பட்டதும் கண்கள் என்று தெரிந்தது. பூனை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பூனை இப்படி நகராது. ஒரு கையை நீட்டி அடுத்த கிளையைப் பிடித்து, அது தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை எடுத்தது. குச்சி மாதிரிக் கைகால், வால் இல்லை. தேவாங்கு! பள்ளிக்கூடத்தில் ஒல்லிப் பையன்களைத் திட்ட மட்டுமே கேட்ட பேர், கண்ணெதிரே. கீழ்வீட்டு அஜ்ஜியை, அதாவது பாட்டியைக் கூப்பிட்டேன். "காடு பாபா" என்றார் கன்னடத்தில். காட்டுப் பாப்பா! அவருடைய சின்ன வயதில் அடிக்கடி வருமாம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பக்கத்திலேயே இருக்கும் இந்திய அறிவியல் கழக வளாகத்திலும் தேவாங்கு உண்டு. இதற்குத் தாவத் தெரியாது. கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகும். நடுவில் ஒன்றை வெட்டினால் வழி போச்சு. 2011-ல் இங்கே சாங்கி ரோட்டை அகலப்படுத்த மரங்களை வெட்டக் கூடாது என்று ஜனங்கள் தெருவில் இறங்கியது நிழலுக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

போன வருடம் பின்வீட்டை இடித்துக் கட்டினார்கள். மாமரத்தை ஒட்டி நின்ற பலாவும் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மனசு ஆறவில்லை.

திண்டுக்கல்காரி:
படித்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தையும் கரூரையும் சேர்த்து 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்கள், 11,806 ஹெக்டேர். அங்கே காடே இருக்கிறது. உங்களுக்கு இருப்பது பத்து வீட்டு மரங்கள். அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் சார். பலா இருந்த இடத்தில் ஒரு புங்கங்கன்றாவது வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, எந்த மரம் என்று வெளியாள் யாரிடமும் சொல்லாதீர்கள். மாந்திரீகத்துக்கென்று பிடித்துக்கொண்டு போகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாடிவீட்டுக்காரர்:
சரிம்மா, தெரு அடையாளத்தை இனி சொல்ல மாட்டேன். கன்று வைக்க அஜ்ஜி சம்மதித்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை குழி எடுக்கிறோம். டார்ச்சுக்கும் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிவிட்டேன். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாதாம்.