முழுசாகவா கிடைத்தது, பாறசாலை அண்ணே?

குழித்துறைக்காரன்: பாறசாலை அண்ணன் நேற்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார், இரவெல்லாம் உறுத்தியது. மார்த்தாண்டம் பக்கத்துச் சின்னத் தனியார் காலேஜில் பி.ஏ. வரலாறு என்றால் கைடு மனப்பாடம்தானாம், 1859-ல் தோள்சீலை உரிமை, அதாவது நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமை, முழுசாகக் கிடைத்தது என்பதுகூட அந்தப் பையன்களுக்குத் தெரியாதாம். அண்ணே, முழுசாக எங்கே கிடைத்தது? நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றுதான் திருவிதாங்கூர் உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிவிப்பு. இதை எனக்குச் சொல்லித் தந்ததே அப்படியொரு காலேஜ்தான். வகுப்பில் 11 பேர், லைப்ரரி என்பது ஒரு ஸ்டீல் பீரோ, அதன் சாவி பியூன் இடுப்பில்.

பாறசாலை: தம்பி, 1859-ல் உரிமை கிடைத்தது, விஷயம் அவ்வளவுதான். நான் திருவனந்தபுரத்தில் எம்.ஏ. படித்தவன், பீரோவில் படித்தவன் இல்லை.

குழித்துறைக்காரன்: "கிடைத்தது" வேறு, "முழுசாகக் கிடைத்தது" வேறு. நீங்கள் எழுதியது முழுசாக.

தக்கலை அக்கா: சமூக அறிவியல் படித்தால் வேலை கிடைக்குமா என்றுதானே பேச்சு தொடங்கியது? என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சமூகவியலில் சேர்க்கலாமா, யாராவது சொல்லுங்கள்.

ரப்பர்வெட்டு: டி.என்.பி.எஸ்.சி.க்கு உதவும், சேருங்கள் அக்கா. ஆனால் சின்னக் காலேஜ் வேண்டாம். எங்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார்கள், அதுவும் திங்கட்கிழமை. பூட்டிக் கிடந்தது. வெளியே நின்று பழம்பொரி தின்றுவிட்டு வந்தோம். ரெக்கார்டு நோட்டில் மட்டும் "களப்பயணம்" என்று மூன்று பக்கம்!

பாறசாலை: இதைத்தானே நானும் சொன்னேன். திங்கள் லீவு என்று தெரியாத வாத்தியாரா அறிவிப்பின் நிபந்தனையைப் படித்திருப்பார்? எங்கள் கேரளத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்வதால்தான் அந்த அரண்மனையே நிற்கிறது.

குழித்துறைக்காரன்: வந்துவிட்டது பாருங்கள், "எங்கள்". 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகா நாலும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன, உங்கள் பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது, அதனால்தான் நீங்கள் அங்கே உட்கார்ந்து எங்களுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். சரி, அது கிடக்கட்டும். முழுசாகவா, இல்லையா? சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பில் இந்தத் தோள்சீலைச் சண்டையைப் பற்றிப் பாடம் இருந்தது, அதைத் தேர்வுக்கு வேண்டாம் என்று 2016-ல் சுற்றறிக்கை விட்டார்கள். பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நிபந்தனை எங்கே தெரியப்போகிறது, சண்டையே தெரியாது. எங்கள் 11 பேரைக் கேளுங்கள், அதில் ஒருத்தன் இப்போது களியக்காவிளையில் மீன் கடை வைத்திருக்கிறான், அவனும் சொல்வான்.

பாறசாலை: மீன் கடை. நல்ல உதாரணம், தம்பி.

குழித்துறைக்காரன்: ஏன், மீன் விற்றால் வரலாறு மறந்துவிடுமா? எம்.ஏ. படித்த உங்களுக்கே ஒரு சொல் தடுமாறுகிறதே!

பாறசாலை: உன் கோபம் 1859-ஐப் பற்றியது இல்லை. குமரித் தமிழில் பாதி மலையாளம் என்று போன ஓணத்துக்கு எழுதினேன், அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.

ரப்பர்வெட்டு: பாதி எல்லாம் இல்லை அண்ணாச்சி, கால்வாசி.

தக்கலை அக்கா: வியாழக்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.

குழித்துறைக்காரன்: தைரியமாகச் சேருங்கள் அக்கா. அண்ணே, அந்த "முழுசாக" இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.