மீன் எண்ணெய் மாத்திரை: பாட்டிலைத் திறந்தாலே வாடை. கெட்டுப்போனதா, இயல்பானதா?

கடற்கரைச்சாலை கேட்டது:

அப்பாவுக்கு வயது 62. இரத்தக் கொழுப்பில் ஒன்றான ட்ரைகிளிசரைடு 240. தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி. சாப்பிடுகிறார். மே மாதம் ஆன்லைனில் 120 மாத்திரை உள்ள மீன் எண்ணெய் பாட்டில் வாங்கினோம். முன்பக்கம் 1000 மி.கி. என்றும், பின்பக்கம் ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்றும் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு போடுகிறார். மதியம் வரை மீன் வாடையோடு ஏப்பம். பாட்டிலுக்குள்ளும் வாடை, சில மாத்திரைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காலாவதிக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. கெட்டுவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? ட்ரைகிளிசரைடு குறைய எண்ணிக்கையைக் கூட்டலாமா? ஆஸ்பிரினோடு ஆபத்து இல்லையே?

எண்ணெய்_ஆய்வகம் பதில்:

ஏப்பத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நல்ல எண்ணெயும் ஏப்பத்தில் மேலே வரும். மாத்திரையைத் திறந்துதான் பார்க்க வேண்டும். சுத்தமான ஊசியால் ஒன்றைக் குத்தி, எண்ணெயை ஸ்பூனில் பிழிந்து முகருங்கள், நுனிநாக்கில் ஒரு துளி வையுங்கள். புதிய எண்ணெயில் லேசான கடல் வாடை இருக்கும், சிலவற்றில் வாடையே இருக்காது. கெட்டதில் பெயின்ட் போன்ற நெடியும், பழைய தேங்காயெண்ணெயின் காறலும், தொண்டையைச் சுரண்டும் கசப்பும் இருக்கும். ஒன்றோடு நிறுத்தாமல் பாட்டிலின் மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று பாருங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை சேர்த்த மாத்திரைக்கு இந்தச் சோதனை சரிவராது, அந்த வாசனை காறலை மறைத்துவிடும்.

இது ஏன் இவ்வளவு எளிதில் கெடுகிறது என்றால், இபிஏ மூலக்கூறில் 5 இரட்டைப் பிணைப்பு, டிஹெச்ஏவில் 6. ஆக்சிஜன் அந்த இடங்களைத்தான் தாக்கும். முதலில் உருவாகும் பெராக்சைடுகளுக்கு வாடை கிடையாது. அவை உடைந்து ஆல்டிஹைடுகள் ஆகும்போதுதான் மூக்குக்குத் தெரியும். அதாவது வாடை வந்துவிட்டால் கெடுதல் பாதி வழி தாண்டிவிட்டது. பெராக்சைடு அளவும் ஏறிப் பிறகு இறங்கும் என்பதால், அந்த ஓர் எண்ணை மட்டும் காட்டும் கம்பெனியை நம்பாதீர்கள். பெராக்சைடு எண்ணை இரண்டால் பெருக்கி, ஆல்டிஹைடு அளவைக் காட்டும் அனிசிடின் எண்ணைக் கூட்டினால் வருவது டோடாக்ஸ், அதாவது மொத்தக் கெடுதலின் அளவு. ஒமேகா-3 தொழில்துறை தனக்கு வைத்துக்கொண்ட வரம்பு பெராக்சைடு 5, அனிசிடின் 20, டோடாக்ஸ் 26. உங்கள் பேட்ச் எண்ணைச் சொல்லி ஆய்வுச் சான்றிதழ் கேளுங்கள். நல்ல கம்பெனிகள் அனுப்புகின்றன. (வாசனை சேர்த்த எண்ணெயில் அனிசிடின் பொய்யாகக் கூடக் காட்டும். அதற்கு வாசனை சேர்க்கும் முன் எடுத்த அளவைக் கேட்க வேண்டும்.)

ஒட்டிக்கொண்ட மாத்திரைதான் எனக்குக் கவலை தருகிறது. ஜெலட்டின் உறை சூட்டிலும் ஈரத்திலும்தான் இளகும். மே வெயிலில் டெலிவரி வண்டிக்குள் கிடந்த பாட்டிலாக இருக்கலாம், அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்ததாகவும் இருக்கலாம். லேபிளில் சொன்ன வெப்பநிலைக்குள் வைத்திருந்தால்தான் காலாவதி தேதிக்கு மதிப்பு. உறை கசிந்து எண்ணெய் பிசுபிசுத்தால் அந்தப் பாட்டிலே வேண்டாம். அடுத்த முறை 30 அல்லது 60 மாத்திரை உள்ளது வாங்குங்கள், கோடையில் ஆன்லைனைத் தவிர்த்து ஏசி உள்ள மெடிக்கல் ஷாப்பில் எடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் எண்ணெய் கலங்கி வெள்ளையாகத் தெரியலாம். குளிரில் உறையும் கொழுப்புதான் அது, கெட்டதற்கு அடையாளம் இல்லை. ஆனால் வெளியே எடுத்துத் திறந்தே வைத்தால் உள்ளே நீர் கோத்து உறை இளகும், உடனே மூடி உள்ளே வையுங்கள்.

மருந்துச்சீட்டு பதில்:

மருந்துப் பக்கத்தைச் சொல்கிறேன். முன்பக்கத்து 1000 என்பது எண்ணெயின் எடை. பலன் தருவது பின்பக்கத்து 180 + 120 = 300 மி.கி. மட்டுமே. அப்பாவுக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது 600 மி.கி. ட்ரைகிளிசரைடைக் கணிசமாக இறக்க இபிஏ, டிஹெச்ஏ சேர்த்து 2 முதல் 4 கிராம் தேவை. 4 கிராமை இந்த மாத்திரையில் எட்ட 13க்கும் மேல் விழுங்க வேண்டும். தினமும் கூடுதலாக 120 கலோரி, வயிற்றுப்போக்கு, நெஞ்செரிச்சல் எல்லாம் கூடவே வரும். ஒரு மாத்திரையில் ஏறக்குறைய 840 மி.கி. தரும் மருந்து வகையும் இருக்கிறது, ஆனால் அது டாக்டர் எழுதித் தர வேண்டியது.

தயவுசெய்து நீங்களாகக் கூட்டாதீர்கள், காரணம் இதயத் துடிப்பு. தினம் 4 கிராம் கொடுத்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு கூடியது. ரெட்யூஸ்-இட் ஆய்வில் இதற்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 3.1 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 2.1. ஸ்ட்ரெங்த் ஆய்வில் புதிதாக இது வந்தவர்கள் 2.2, ஒப்பீட்டில் 1.3. டோஸ் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும். அப்பாவுக்குப் படபடப்பு, தலைசுற்றல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஈசிஜி எடுங்கள்.

இரத்தக்கசிவு பற்றி: 75 மி.கி. ஆஸ்பிரினும் 600 மி.கி. ஒமேகா-3யும் சேர்வது பெரிய சிக்கல் அல்ல. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அபிக்சபான், அல்லது ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடரக் கூடாது. ஈறில் இரத்தம், காரணமில்லாமல் தோல் கன்றிப்போதல், கருத்த மலம் கண்டால் காத்திருக்க வேண்டாம். பல் பிடுங்கும் முன்பும் ஆபரேஷனுக்கு முன்பும் இதைச் சாப்பிடுவதாகச் சொல்லிவிடுங்கள். விட்டமின் மாத்திரை என்று நினைத்துப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஏப்பத்துக்கு வழி எளிது. வெறும் வயிற்றை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டின் நடுவில் ஒன்று, இரவுச் சாப்பாட்டில் ஒன்று. லேபிளில் எத்தில் எஸ்டர் (ஒமேகா-3யின் ஒரு வேதி வடிவம்) என்றிருந்தால் கொழுப்புள்ள சாப்பாடு கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் சரியாக உறிஞ்சப்படாது. போட்டவுடன் படுக்கக் கூடாது. குடலில் கரையும் பூச்சுள்ள வகை ஏப்பத்தைக் குறைக்கும். ட்ரைகிளிசரைடு 240க்கு முதலில் சர்க்கரை, மது, சோற்றின் அளவு, தைராய்டு இவற்றைப் பாருங்கள்.

கடற்கரைச்சாலை:

நன்றி. இரண்டு மாத்திரை குத்திப் பார்த்தேன், இரண்டிலும் பெயின்ட் நெடி, கசப்பு. பாட்டிலை ஒதுக்கிவிட்டேன். இன்னொன்று: தங்கை மூன்று மாதக் கர்ப்பம். அம்மா அவளுக்கு காட் லிவர் ஆயில் வாங்கலாமா என்கிறார். இரண்டும் ஒன்றுதானே?

நெய்தல்_சமையல் பதில்:

ஒன்றல்ல, வாங்காதீர்கள். இது மீனின் ஈரலிலிருந்து எடுப்பது, விட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் செறிந்திருக்கும். ஒரு டீஸ்பூனில் சுமார் 4,500 யூனிட். பெரியவர்களுக்கு நாளைக்கு உச்ச வரம்பு 10,000 யூனிட். டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையிலும் விட்டமின் ஏ இருந்தால் கூடிப்போகும். ரெட்டினால் மிகுந்தால் கரு உருவாகும் மாதங்களில் ஊனம் வரும் ஆபத்து உண்டு. பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கு இதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள்.

தங்கைக்கு வாரம் இரண்டு முறை மத்தி, நெத்திலி, அயிலை கொடுக்கலாம். பொரிப்பதைவிடக் குழம்பு நல்லது, இறங்கும் கொழுப்பு குழம்பிலேயே தங்கும். சுறா மட்டும் வேண்டாம், பாதரசம் அதன் தசையில் சேர்கிறது.

எண்ணெய்_ஆய்வகம்:

பாட்டிலைத் தூக்கிப் போடும் முன் பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துப் பணம் திரும்பக் கேளுங்கள். மூன்று நான்கு மாத்திரையைத் தனியே மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், கம்பெனி மாதிரி கேட்டால் கொடுக்கலாம்.