செந்தூரன் நைரோபி போறான்: கோண்டாவில் வீட்டுக் குழு

யூன் 9, செவ்வாய்

செந்தூரன், மாலை 6.10
டிக்கெற் வந்திட்டுது. 23ஆம் திகதி போய் யூலை 2 வெளிக்கிடுறன். கூடுதலா நைரோபி, நடுவிலை 2 நாள் கிசுமுவிலை மெசின் பூட்டுற வேலை. முதலில என்ன செய்யவேணும்?

வாணி அக்கா, மாலை 6.14
மஞ்சள் காய்ச்சல் ஊசி. நாளைக்குக் காலமை பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் எடுத்து நாளையும் நேரத்தையும் கேள். வெள்ளிக்குள்ள போட்டிடு. போட்டு 10 நாளாலதான் மஞ்சள் அட்டை, அதாவது ஊசி போட்ட சான்று, செல்லுபடி, திங்கள் போட்டால் 8 நாள்தான் வரும்.

அம்மா, மாலை 6.15
நைரோபியில அந்தக் காய்ச்சல் இருக்கோ பிள்ளை?

வாணி அக்கா, மாலை 6.19
நகருக்குள்ள ஆபத்து குறைவு அத்தை. ஆனால் கென்யாவால திரும்பி வரேக்க கட்டுநாயக்காவிலை அட்டையைக் கேட்பினம். தம்பி, அட்டையில பாஸ்போட் இலக்கம், கையெழுத்து, முத்திரை மூண்டும் சரியோ எண்டு அங்கையே நிண்டு பார். ஒருக்காப் போட்டால் ஆயுளுக்கும் காணும். முட்டை ஒத்துவராட்டி ஊசிக்கு முன்னம் சொல்லு.

வாணி அக்கா, மாலை 6.24
என்ரை பயம் கிசுமுதான். விக்டோரியா ஏரிக்கரை, மலேரியா கடுமை. கொழும்புக்குப் போற அண்டைக்கே நாரஹேன்பிட்டியில மலேரியாத் தடுப்பு இயக்கத்துக்கும் போ, குளிசை இலவசம். டொக்சிசைக்கிளின் தந்தால் போக ஒண்டு ரெண்டு நாளுக்கு முன்னம் தொடங்கி, வந்தபிறகும் 4 கிழமை நாளுக்கு ஒண்டு. சாப்பிட்டிட்டு நிறையத் தண்ணியோடை விழுங்கு, உடனை படுக்காதை, தொண்டைக்குழாய் புண்ணாகும். கனபேர் வீட்டை வந்த உடனை நிப்பாட்டுறவை, அதுதான் பிழை. ஈரலுக்குள்ள கிடந்த கிருமி பிறகுதான் ரத்தத்துக்கு இறங்கும்.
இன்னொண்டு: 2016 இல இலங்கையில மலேரியா ஒழிஞ்சிட்டுது எண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சபடியால் காய்ச்சல் எண்டால் எல்லாரும் முதல்ல டெங்குவைத்தான் நினைப்பினம். ஒரு வருசத்துக்குள்ள எப்ப காய்ச்சல் வந்தாலும் "ஆபிரிக்கா போனனான், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கோ" எண்டு நீயே சொல்லவேணும்.

ரவி சித்தப்பா, இரவு 7.02
பிளேன் எத்தனை மணிக்கு இறங்குது?

செந்தூரன், இரவு 7.03
இரவு 9.40 சித்தப்பா. வெஸ்ற்லாண்ட்ஸில ஹோட்டல்.

ரவி சித்தப்பா, இரவு 7.15
அப்ப வாகனம் இஞ்சையிருந்தே ஒழுங்காகவேணும். களைச்சுப்போய் வாசலில நிண்டு ஆரோடை போறதெண்டு யோசிக்கிறதுதான் ஆபத்து. அங்கத்தைய கொம்பனி சாரதியின்ரை பெயர், படம், வாகன இலக்கம் முதல் நாளே வரவேணும். சாரதி வாசலில பிடிக்கிற பலகையில உன்ரை பெயரோ கொம்பனிப் பெயரோ வேண்டாம், ஆரும் பாத்துக் கொப்பியடிக்கலாம். முதலே பேசிவைச்ச ஒரு சொல்லை மட்டும் எழுதச்சொல்லு. கிட்டப்போய் "ஆரைக் கூட்டிப்போக வந்தனீங்கள்" எண்டு நீதான் கேட்கவேணும். உன்ரை பெயரை அவர் சொல்லட்டும்.
றோட்டுக் கட்டணம் கட்டினாலும் எக்ஸ்பிரஸ்வேயால வரச்சொல்லு. 27 கிலோமீற்றர், வெஸ்ற்லாண்ட்ஸ் மட்டும் வரும். கீழ்றோட்டில நெரிசலுக்கை நிக்கேக்கதான் யன்னலால போனைப் பறிப்பினம். கதவுப் பூட்டு, யன்னல் மேலை, போன் பொக்கற்றுக்கை.

செந்தூரன், இரவு 7.18
25ஆம் திகதி நகர மையத்தில ஒரு கூட்டம் வைச்சிருக்கினம்.

ரவி சித்தப்பா, இரவு 7.21
மாத்து. 2024 யூன் 25 வரிச்சட்டத்துக்கு எதிராப் பாராளுமன்றத்துக்குள்ளையே சனம் புகுந்தது. அடுத்த வருசமும் அதே நாள் ஊர்வலம், கண்ணீர்ப்புகை. அண்டைக்கு ஹோட்டலிலயோ ஒன்லைனிலயோ கூட்டத்தை வை.

ரவி சித்தப்பா, இரவு 7.30
மெசின் பூட்டுறது எண்டனி. வியாபார வருகைக்கெண்டு இ.ரி.ஏ. (கென்யாவுக்குள்ள போக ஒன்லைனில எடுக்கிற பயண அனுமதி) எடுத்திட்டுக் கையால வேலை செய்யேலாது. குறுங்கால வேலை அனுமதி வேணுமோ எண்டு அழைக்கிற கொம்பனியிட்டை எழுத்தில கேள். இ.ரி.ஏ.யை அரச தளத்தில மட்டும் எடு, அதே மாதிரித் தளங்கள் கூடக் காசு பிடுங்கும். காப்புறுதிப் பத்திரத்தில விலக்குப் பகுதியை முழுக்க வாசி: உடலுழைப்பு, கலவரம், பயங்கரவாதம் இந்த மூண்டையும் கனக்கப் பத்திரம் விலக்கியிருக்கும். கிசுமுவிலை கை நசுங்கினால் ஆர் கட்டுறது?

அம்மா, இரவு 7.33
கருவாட்டையும் மிளகாய்த்தூளையும் சொப்பிங் பையில சுத்தி வைக்கட்டோ?

ரவி சித்தப்பா, இரவு 7.35
மச்சாள், 2017 இலிருந்து அங்கை பிளாஸ்ரிக் காவும்பை தடை. துணிப்பை வையுங்கோ. மிளகாய்த்தூள் போத்திலில. கருவாட்டை விடுங்கோ, சுங்கத்தில மறிச்சால் நேரம் போகும்.

செந்தூரன், இரவு 7.40
வீட்டுக்கு எப்ப எடுக்க?

ரவி சித்தப்பா, இரவு 7.46
அங்கத்தைய காலமை 8, இரவு 8. எங்களுக்கு 10.30. வாகனத்தில ஏறேக்க நேரடி இருப்பிடத்தை 8 மணித்தியாலத்துக்குப் பகிர், இந்தக் குழுவில இல்லை, எனக்கும் வாணிக்கும் மட்டும். அரை மணி பிந்தினால் நான் உன்ரை போனுக்கு, பிறகு ஹோட்டலுக்கு, பிறகு அங்கத்தைய கொம்பனிக்கு எடுப்பன். மச்சாள், ஆராவது எடுத்து "மகனைப் பிடிச்சு வைச்சிருக்கிறம், காசு போடு" எண்டால் போடாதையுங்கோ. அவனுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு கேள்வியைக் கேட்டிட்டு எனக்கு எடுங்கோ.

அம்மா, இரவு 7.48
அந்தக் கேள்வியை இஞ்சை எழுதாமல் நேரை சொல்லுறன் அப்பன், சாப்பிட வா.

செந்தூரன், இரவு 7.50
ஓம் அம்மா. அக்கா, நாளை 8.30க்குப் பொரளைக்குப் போன் எடுத்திட்டு இரவு பஸ்ஸுக்குச் சீற் போடுறன்.